முள் காட்டும் எண்ணும் மெய்யான எண்ணும்

வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்போரின் மேசைமீது சிக்னல் ஜெனரேட்டர் என்றொரு கருவி இருக்கும். நாம் வேண்டும் அதிர்வெண்ணில் ஒரு மின் அலையை ஆக்கித் தருவது அதன் பணி. பெட்டி சரியான இடத்தில் சரியான நிலையத்தைப் பிடிக்கின்றதா என்று சோதிக்கவும், பிடிக்காவிடில் அதனைச் சரிசெய்யவும் அவ்வலையே அளவுகோலாகும். அளவுகோலே பிழைபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும், பெரும்பொருள் செலவிடாமல் அதனைத் திருத்தும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம். பிற மாநிலங்களில் வாழ்ந்துகொண்டு, தொலைவிலுள்ள தமிழ் நிலையம் ஒன்றைக் கேட்பதற்காகவே பழைய பெட்டியைப் பேணி வரும் நேயர்களுக்கும், அவர்களுக்காக அப்பெட்டிகளைச் செப்பனிடும் நண்பர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

எடுத்துக்காட்டாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேட்டை எடுத்துக்கொள்வோம். கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் சாலையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. குமுளியைக் கடந்து மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. எனினும் சாலை செல்வதுபோல் வானொலி அலை எளிதாகச் செல்வதில்லை. திருச்சிராப்பள்ளி நிலையம் நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தரையைத் தழுவி வரும் மத்திய அலை மலைகளில் மோதி மெலிந்து, பகலில் முனகலாகவே வந்து சேரும். இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை வலுவாக வரினும், அயல்நாட்டு நிலையங்களின் இரைச்சலும் உடன்வரும். கொடைக்கானல் பண்பலை நிலையம் 100.5 மெகாஹெர்ட்சில் நூறு கிலோமீட்டருக்குள்ளேயே இருப்பினும், பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. மலைமுகட்டின் இப்பக்கத்துக் குடியிருப்பில் தெளிவாகக் கேட்கும் நிலையம் அப்பக்கத்துக் குடியிருப்பில் கேளாமற் போவது இதனால்தான். இத்தகைய இடத்தில் பெட்டியின் உணர்திறன் சிறிது குறைந்தாலும் போதும், நிலையம் மறைந்துவிடும்.

இனி அந்தக் குறைவு எவ்வாறு நேர்கின்றது என்று பார்ப்போம். மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ் ஆகும். 1975-இல் ஜெனீவாவில் வகுத்த திட்டப்படி 1978 நவம்பர் 23 முதல் நம் நாடும் இம்முறையைக் கைக்கொண்டது. முன்னாளில் அறிவிப்பாளர் 'கிலோசைக்கிள்' என்று கூறியதும் இன்று 'கிலோஹெர்ட்ஸ்' என்று கூறுவதும் ஒன்றே. பெயர்தான் மாறியது. ஆகவே நம் நாட்டு மத்திய அலை நிலையங்களின் எண்கள் யாவும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். திருச்சிக்கு 936, சென்னைக்கு 720, பெங்களூருக்கு 612, மும்பைக்கு 1044, தில்லிக்கு 819, கொல்கத்தாவுக்கு 657 என வழங்கிய எண்களை வகுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

காயிலும் கேங் கண்டென்சரும் கொண்ட பழைய வகைச் சிக்னல் ஜெனரேட்டரின் முள், நூற்றுக்கு ஒரு பங்கு பிழைபட்டிருத்தல் மிக இயல்பு. ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் 936-இல் நூற்றில் ஒரு பங்கு என்பது 9.36 கிலோஹெர்ட்ஸ். அஃதாவது ஒரு நிலையத்தின் இடம் முழுவதுமே தவறிவிடுகின்றது! முள் தவறினால் கேட்பவர் திருகியைச் சற்றே திருப்பிக்கொள்வார், அது பெரிய இழப்பன்று. பெரிய இழப்பு பெட்டியின் உள்ளே நேர்வது. வரும் அலை எதுவாயினும் அதனை 455 கிலோஹெர்ட்ஸ் என்னும் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்குவதே பெரும்பாலான பெட்டிகளின் முறை. பிழைபட்ட ஜெனரேட்டரை 455-இல் வைத்தால் அது உண்மையில் 450.5-ஐயோ 459.5-ஐயோ தரக்கூடும். பெட்டியில் பீங்கான் வடிகட்டி இருந்தால், அது தனக்குரிய 455-இல் அசையாது நிற்கும். நாம் திருத்திய ஐ.எஃப். காயில்கள் மட்டும் 4.5 கிலோஹெர்ட்ஸ் விலகி நிற்கும். ஒன்று திறந்த வாயிலை மற்றொன்று அடைப்பதுபோல் இரண்டும் முரண்பட்டு, மெலிந்த அலை மேலும் மெலியும். ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தை வைத்துச் சோதித்தால் இக்குறை தெரியாது. கடையில் நன்றாகப் பாடிய பெட்டி, தோட்டத்துக் குடியிருப்புக்குத் திரும்பியதும் ஊமையாவது பல வேளைகளில் இவ்வாறே.

மூன்று பண்புகளை வேறுபடுத்தி அறிதல் இங்கு இன்றியமையாதது. முள்ளோ எண்பலகையோ எவ்வளவு நுண்மையாகக் காட்டுகின்றது என்பது நுண்பகுப்பு. காட்டியதிலிருந்து நேரம் செல்லச் செல்ல நழுவாமல் இருப்பது நிலைப்பு. காட்டுவது மெய்யான எண்ணோடு ஒத்திருப்பது துல்லியம். இன்று விற்கும் எண்முறை ஜெனரேட்டர்கள் ஒரு ஹெர்ட்ஸில் பின்னங்களைக்கூட எண்பலகையில் காட்டுகின்றன. அதனைக் கண்டு அவ்வளவும் மெய்யென்று மயங்குவோர் பலர். அந்த எண்கள் எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைப் பெருக்கியும் வகுத்தும் பெற்றவையே. படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிழைபட்டிருந்தால், எண்பலகையின் ஒவ்வோர் எண்ணும் அதே அளவுக்குப் பிழைபட்டதே.

குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதைக் கியூரி உடன்பிறந்தார் 1880-இல் கண்டறிந்தனர். மின்னழுத்தம் தந்தால் படிகம் அதிரும் என்பது அதன் மறுதலை. ஒவ்வொரு படிகமும் தன் அளவுக்கும் வெட்டிய கோணத்துக்கும் ஏற்பத் தனக்கே உரிய அதிர்வெண்ணில் அதிர்வதால், காயில்-கண்டென்சர் இணையினும் ஆயிரக்கணக்கான மடங்கு உறுதியாக நிற்கின்றது. எனினும் வெப்பநிலை மாறினால் அதுவும் சிறிது நழுவும். ஆண்டுகள் செல்லச் செல்ல முதுமையாலும் நழுவும். காயிலும் கண்டென்சரும் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பீர்மேட்டில் மழைக்காலத்து ஈரம் சுவரிலும் துணியிலும் ஏறுவதுபோலக் கருவிக்குள்ளும் ஏறுகின்றது. நீரின் மின்கடவாமை காற்றினதைப்போல் ஏறத்தாழ எண்பது மடங்கு. காப்புப் பொருளில் சிறிதளவு ஈரம் ஊறினாலும் கண்டென்சரின் கொள்ளளவு மாறும். கொள்ளளவு நூற்றில் ஒரு பங்கு ஏறினால் அதிர்வெண் அரைப் பங்கு இறங்கும். மார்ச்சு மாதத்தில் குறியிட்ட முள்ளை ஆடி மாதத்தில் அப்படியே நம்புவதற்கில்லை.

ஆகவே திருத்தத்தின் முதற்படி, கருவியைச் சூடேற்றி வைப்பதே. மின்விசையைச் செலுத்தியபின் அரைமணி நேரமேனும் அதனைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஈரமிக்க நாள்களில் ஒரு மணி நேரம் விடுதல் நன்று. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் நிலைப்படுத்தி ஒன்றின் வழியே மின்சாரம் தருதல் வேண்டும். இவற்றால் கிடைப்பது நிலைப்பு மட்டுமே. துல்லியத்தை நம் கருவிக்குள்ளேயே தேடிப் பெற இயலாது. கடைக்காரரின் எடைக்கல்லை, அதனினும் நம்பத்தக்க எடைக்கல்லோடு ஒப்பிட்ட பின்னரே முத்திரை இடுகின்றனர் அல்லவா? அதிர்வெண்ணுக்கும் அவ்வாறே மேலான ஒன்றோடு ஒப்பிடல் வேண்டும்.

அம்மேலான ஒன்று எங்கே கிடைக்கும்? விலையின்றி, வானத்திலேயே கிடைக்கின்றது. நாம் கேட்கும் வானொலி நிலையமே அது! மத்திய அலை நிலையத்தின் ஊர்தி அலை, தனக்கு வழங்கிய எண்ணிலிருந்து 10 ஹெர்ட்சுக்கு மேல் விலகலாகாது என்பது பன்னாட்டு விதி. 936 கிலோஹெர்ட்சில் 10 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் பதினொரு பங்குக்கும் குறைவு. நம் ஜெனரேட்டரின் பிழையோ பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. செய்தியும் பாட்டும் கேட்பதற்கென்று நாம் வைத்திருக்கும் நிலையம், நம் மேசைக் கருவியைப்போல் ஆயிரம் மடங்கு செம்மையான அளவுகோலாகவும் இருக்கின்றது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒப்பிடும் முறை தம்புரா கூட்டுவதைப் போன்றதே. தம்புராவின் சாரணைத் தந்தியும் அனுசாரணைத் தந்தியும் மிக நெருங்கிய சுருதியில், ஆனால் சரியாக ஒன்றாமல் நின்றால், ஒலி ஏறியும் இறங்கியும் விம்முவதைக் கேட்கலாம். விம்மல் மெதுவாகி மறையும்போது இரண்டும் ஒன்றின. இயற்பியலாரும் இதனை விம்மல் என்றே வழங்குகின்றனர். வானொலிப் பெட்டியில் திருச்சி நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரின் பண்பேற்றத்தை நிறுத்திவிட்டு, வெளியீட்டுக் கம்பியைப் பெட்டிக்குள் நேரே இணைக்காமல், பக்கத்தில் வைத்தாற்போதும். முள்ளை 936-ஐ நோக்கி மெல்லத் திருப்பினால், நிலையத்தின் பேச்சோடு கூரிய சீழ்க்கை ஒன்று எழும். மேலும் திருப்பத் திருப்பச் சீழ்க்கை தாழ்ந்து, உறுமலாகி, பின் காதுக்கு எட்டாமல் அடங்கிவிடும். அவ்விடத்தில் இரு அலைகளுக்கும் உள்ள வேறுபாடு இருபது முப்பது ஹெர்ட்சுக்கு உட்பட்டது. காது அதற்குக் கீழே கேளாது. ஆயினும் கூர்ந்து கவனித்தால் அறிவிப்பாளரின் குரலே அலையலையாக ஏறி இறங்குவது தெரியும். நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் வேறுபாடு ஒரே ஒரு ஹெர்ட்ஸ், அஃதாவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு. கடிகாரமும் காதும் மட்டுமே கருவிகளாகக் கொண்டு இவ்வளவு நுண்மையாக அளக்கக்கூடிய பொருள் வேறொன்று இருக்குமா என்பது நமக்கு ஐயமே.

இதனைப் பகலில் செய்தல் வேண்டும். இரவில் அயனி மண்டல அலையும் தரையலையும் கலந்து தாமாகவே ஏறி இறங்கும். அதனை விம்மலென்று எண்ணி ஏமாறக்கூடும். மேலும், பல மத்திய அலைப் பரப்பிகளை அண்மை ஆண்டுகளில் மூடிவிட்டனர். ஆகவே பழைய பட்டியலை நம்பாமல், தமக்குப் பகலில் கேட்கும் நிலையம் எதுவோ, அது அறிவிக்கும் எண்ணையே அவரவர் கொள்ளுதல் நன்று. தமிழ் நிலையந்தான் வேண்டும் என்பதில்லை. அளவுகோலுக்கு மொழி இல்லை. பண்பலை நிலையத்தை இதற்குக் கொள்ளக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். பண்பலையில் ஒலிக்கு ஏற்ப அதிர்வெண்ணே அங்குமிங்கும் ஆடுகின்றது. ஆடும் துலாக்கோலில் எதனை நிறுப்பது?

936-இல் ஒரு குறி கிடைத்தது. நமக்கு வேண்டுவதோ 455 அன்றோ? இங்கே சீரிசைகள் துணைவரும். ஜெனரேட்டர் 468-ஐ ஆக்கும்போது அதன் இருமடங்காகிய 936-ஐயும் மெலிதாக ஆக்குகின்றது. மும்மடங்கு, நான்மடங்கு ஆகியவையும் உண்டு. பெட்டியைத் திருச்சியில் வைத்தபடியே ஜெனரேட்டரின் முள்ளை 468-ஐ அடுத்துத் திருப்பினால் அங்கும் சீழ்க்கை எழுந்து அடங்கும். 312-இலும் 234-இலும் அவ்வாறே. சென்னை கேட்குமாயின் 720, 360, 240 ஆகிய குறிகள் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 468-இல் அடங்க வேண்டிய சீழ்க்கை, முள் 472.5-இல் நிற்கும்போது அடங்கியது எனக் கொள்வோம். முள் 4.5 கிலோஹெர்ட்ஸ் மிகையாகக் காட்டுகின்றது. 455 அதற்கு மிக அருகில் இருப்பதால், முள்ளை 459.4-இல் வைத்தால் மெய்யான 455 வரும் என்று விகிதத்தால் கணக்கிடலாம். 909-இல் ஒரு நிலையம் இருந்தால் அதன் பாதி 454.5 ஆயிற்றே, அது இன்னும் அருகல்லவா என்று கருதற்க. 455-இன் இருமடங்கு 910. பெட்டி தானே அவ்விடத்தில் ஒரு சீழ்க்கையை எழுப்பும், அதனால் எது எதனோடு விம்முகின்றது என்று அறியாது மயங்க நேரிடும்.

குறிகள் ஐந்தாறு கிடைத்தபின், கட்டமிட்ட தாளில் முள் காட்டும் எண்ணை ஒருபுறமும் பிழையை மறுபுறமும் இட்டு ஒரு கோடு வரைந்து, கருவியின் மூடியில் ஒட்டிவிடலாம். கருவியைத் திறந்து திருத்தவும் கூடும். உயர்முனையில் டிரிம்மரையும் தாழ்முனையில் காயிலின் உட்கருவையும் மாறிமாறித் திருப்பி இருமுனையும் ஒத்துவரச் செய்வர். நம் கருத்தில் தாளே மேலானது. முதிர்ந்த கருவியின் டிரிம்மரைத் தொட்டால் ஒருபுறம் திருந்த மறுபுறம் கெடும். தாள் எதையும் கெடுப்பதில்லை.

வானொலிப் பெட்டிக்கு இவ்வளவு போதும். ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் கிட்டினாலே ஐ.எஃப். திருத்தத்துக்கு நிறைவானது. அதற்கு மேல் செலவிடுவோர் பெருமைக்காகச் செலவிடுகின்றனர். வயர்லெஸ் கருவிகளின் நிலை வேறு. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இதே இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளைப் புதைத்தது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையின், செய்தி மறுநாட் காலையிலேதான் வெளியே எட்டியது. வயர்லெஸ் இருந்திருந்தால் இத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று நாம் கூறத் துணியவில்லை. ஆனால் கைபேசிக் கோபுரம் செயலற்ற இரவில், மலைமேல் எஞ்சுவது மின்கலத்தால் இயங்கும் வானொலியும் வயர்லெஸ்ஸுமே. அவற்றைச் செப்பனிடுவோரின் அளவுகோல் பொய்க்கலாகாது.

கணக்கைப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிழையுள்ள படிகம் 455 கிலோஹெர்ட்சில் 23 ஹெர்ட்ஸ்தான் தவறும், அதனை எவரும் அறியார். அதே படிகம் 150 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்ஸில் 7,500 ஹெர்ட்ஸ் தவறும். அங்கே ஒரு வழித்தடத்தின் அகலமே 12,500 ஹெர்ட்ஸ். அத்தகைய ஜெனரேட்டரைக் கொண்டு சரிசெய்த வயர்லெஸ், தன் துறையின் மற்றக் கருவிகளோடு பேச இயலாமல் தனித்து நிற்கும். மத்திய அலை நிலையத்தின் 10 ஹெர்ட்ஸ் விதியும் இங்குப் போதாது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் உட்பட்ட துல்லியம் வேண்டும்.

முன்னர் இத்தகைய தேவைக்குப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம், ஏ.டி.ஏ. என்னும் அழைப்புக்குறியோடு சிற்றலையில் தர அதிர்வெண்ணை ஒலிபரப்பி வந்தது. 10 மெகாஹெர்ட்சில் அதன் துடிப்புகளைக் கேட்டுத் தம் கருவிகளைத் திருத்தியோர் நாடெங்கும் இருந்தனர். அவ்வொலிபரப்பு இன்று இல்லை. எனினும் நாட்டின் நேரத்தையும் அதிர்வெண்ணையும் காக்கும் பொறுப்பு அவ்வாய்வுக்கூடத்திடமே உள்ளது. சீசியம் அணுக்கடிகாரங்களைக் கொண்டு அதனை நிறைவேற்றுகின்றனர். சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளின் காலமே ஒரு நொடி என்று 1967-இல் உலகம் ஒப்புக்கொண்டது. அவ்வரையறையே நம் மேசைக் கருவியின் முள்ளுக்கும் இறுதி முத்திரை.

அணுக்கடிகாரத்தை மேசைக்கு எவ்வாறு கொண்டுவருவது? அது தலைக்குமேல் பறந்துகொண்டிருக்கின்றது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் சுமந்தது. நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்களும் அவ்வாறே. அவற்றுள் முதலாவதன் ரூபிடியம் கடிகாரங்கள் மூன்றும் பழுதடைந்தபோது, அதனால் இடம் காட்டும் பணியையே செய்ய இயலாமற் போயிற்று. பின்னர் 2023 மே 29-இல் ஏவிய என்.வி.எஸ்-01 நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். ஏற்பி நொடிக்கு ஒரு துடிப்பைச் செம்மையாகத் தரும். ஜெனரேட்டரின் 10 மெகாஹெர்ட்ஸ் அலை, இரு துடிப்புகளுக்கிடையே எத்தனை முறை அதிர்கின்றது என்று எண்ணினால் ஒரு கோடி வர வேண்டும். ஒரு நொடியில் ஓர் எண்ணிக்கை கூடவோ குறையவோ வருதல் இயல்பாதலால், பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்குவரை அறியலாம். நூறு நொடி எண்ணினால் அதனினும் நூறு மடங்கு நுண்மை கிட்டும். கடையில் வாங்கிய ஃப்ரீக்வென்சி கவுண்டரைக்கொண்டு மட்டும் எண்ணினால், அதன் படிகத்தின் பிழையும் உடன் சேரும் என்பதை மறக்கலாகாது. ஆகவே கவுண்டரையும் முதலில் இவ்வாறே சோதிப்பர்.

பிழை எவ்வளவு என்று தெரிந்தபின், படிகத்துக்கு அருகிலுள்ள சிறு டிரிம்மரால் அதனை நீக்கலாம். வெப்பநிலை மாறினால் மீண்டும் நழுவுமே எனின், வெப்ப ஈடு செய்த படிகமோ, சிறு வெப்பப் பெட்டிக்குள் எழுபது எண்பது பாகை செல்சியஸில் நிலையாக வைத்த படிகமோ பொருத்துவர். புறத்தே பனி பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் படிகம் அதனை அறியாது. வெளியிலிருந்து 10 மெகாஹெர்ட்சை ஏற்கும் வாயில் பின்புறத்தில் உள்ள ஜெனரேட்டராயின், அதனுள் ஒன்றும் செய்யாமல், ஜி.பி.எஸ்ஸால் கட்டுண்ட ஓர் அலையாக்கியை அவ்வாயிலில் இணைத்தாற் போதும். ஏற்பியின் ஆண்டெனாவைத் திறந்த வானத்தின்கீழ் வைத்தல் வேண்டும். பீர்மேட்டு மூடுபனி இவ்வலையைத் தடுப்பதில்லை. மழையில் நனைந்த மரக்கிளைகள் பெரிதும் தடுக்கும்.

சித்திரை மாதத்துக் கோடையிடியும் ஐப்பசி மாதத்து மழையிடியும் கேரளத்து மலைகளில் கடுமையானவை. வானம் முழங்கத் தொடங்கியதும் ஆண்டெனாக் கம்பியையும் மின்செருகியையும் கழற்றிவிட்டு மேசையைவிட்டு அகலுதல் வேண்டும். ஒப்பிடும் வேலையைக் காலைப் பொழுதில், கருவி சூடேறியபின் தொடங்கி, பெற்ற எண்களோடு நாளையும் அறையின் வெப்பநிலையையும் தாளில் குறித்து வையுங்கள். மழை தொடங்குமுன் ஒருமுறையும் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் ஒப்பிட்டால், இரு தாள்களையும் அருகருகே வைத்து, கருவி ஈரத்தால் எவ்வளவு நழுவுகின்றது, முதுமையால் எவ்வளவு நழுவுகின்றது என்று பிரித்தறிய இரண்டு மூன்று ஆண்டுகளில் இயலும்.